வழியில் எங்கே நிறுத்துவது? சிறு பிள்ளைகளோடு செலவில்லாப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

விடுமுறைப் பயணம் பற்றிய கேள்விகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். எந்த இடத்துக்குப் போகலாம் என்று கேட்டு வந்த கடிதங்கள் மிகக் குறைவு. போகும் வழியில் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது, கையில் இருக்கும் பணத்துக்குள் எப்படித் திரும்புவது என்று கேட்டவர்களே அதிகம். வீட்டில் சிறு பிள்ளை இருப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி என்பதால், இடங்களின் பட்டியல் எதையும் தராமல் இவற்றுக்கே இம்முறை விடையளிக்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு ஆறு வயதில் மகனும் மூன்று வயதில் மகளும் இருக்கிறார்கள். அடுத்த மாதம் ஆறு மணி நேரக் கார்ப் பயணம் ஒன்று இருக்கிறது. பின்னிரவு 3 மணிக்குப் புறப்பட்டு, பிள்ளைகள் தூங்கும்போதே ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எத்தனை இடத்தில் நிறுத்த வேண்டும்? எங்கே நிறுத்துவது நல்லது? – ஒரு தாய்

பதில்: ஒரே மூச்சில் போய்விட வேண்டும் என்பது வண்டி ஓட்டுபவர்களின் நெடுநாள் ஆசை. பின் இருக்கையில் இருப்பவர்களின் கருத்தை யாரும் கேட்பதில்லை. அந்த ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், 3 மணிப் புறப்பாட்டை நான் ஆதரிக்க மாட்டேன். இரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை மனித உடலில் தூக்கத்தின் இழுப்பு மிக வலுவாக இருக்கும். பிள்ளைகள் தூங்குவார்கள் என்பது உண்மைதான். அந்த நேரத்தில் உங்கள் கணவரின் உடலும் அதையேதான் கேட்கும். கண்ணாடியை இறக்கிக்கொள்வதோ பாட்டைச் சத்தமாக வைப்பதோ அந்தத் தூக்கத்தை விரட்டாது. கண் சொக்கினால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி 15 முதல் 20 நிமிடம் தூங்கி எழுவதுதான் வழி. ஐந்தரை, ஆறு மணிக்குப் பிள்ளைகளைத் தூக்க உடையிலேயே தூக்கி வந்து இருக்கையில் பட்டையிட்டு உட்கார வைத்துவிட்டுப் புறப்படுங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் எப்படியும் அவர்கள் விழிக்கப் போவதில்லை.

ஆறு மணி நேரம் என்று கைப்பேசி வரைபடம் காட்டினால் எட்டு மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். போய்ச் சேரும் நேரத்தை உறவினரிடம் சொல்லும்போதும் எட்டு என்றே சொல்லுங்கள். தாமதமாகிவிட்டதே என்ற பதற்றம் வண்டிக்குள் பரவாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குறைந்தது 15 நிமிடமாவது ஓய்வு எடுக்க வேண்டும் என்பது ஓட்டுநருக்கான பொதுவான விதி. பிள்ளைகளுக்கு அந்த 15 நிமிடம் கழிப்பறைக்குப் போய் வரவே சரியாக இருக்கும். ஆகவே முக்கால் மணி நேரம் நிற்கும் நிறுத்தங்கள் இரண்டு, சிறிய நிறுத்தம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். உணவகம், கழிப்பறை, தேநீர் மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன என்பதற்காக நெடுஞ்சாலையோர உணவகத்தில் நிறுத்துகிறோம். இரண்டு மணி நேரம் இருக்கையில் கட்டுண்டு கிடந்த பிள்ளையை இறக்கி, இன்னொரு நாற்காலியில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்கிறோம். அது அடம் பிடிக்காமல் என்ன செய்யும்? உணவு வரும்வரை வாசலில் இருக்கும் பொம்மைக் கடையும், காசு போட்டால் ஆடும் யானையும் அதன் கண்ணில் படாமல் இருக்குமா? முதலில் ஓட்டம், அதன் பிறகு உணவு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

நல்ல நிறுத்தத்துக்கு நான் பார்ப்பவை இவ்வளவுதான்: ஒரு கழிப்பறை, ஒரு நிழல், முப்பது அடி தூரம் ஓடக்கூடிய தரை, அந்தத் தரைக்கும் வண்டிகள் போகும் பாதைக்கும் நடுவே ஒரு வேலியோ சுவரோ. நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இறங்கினால் ஏதேனும் ஒரு சிற்றூரில் இவை நான்கும் கட்டணமின்றிக் கிடைத்துவிடும். நகராட்சிப் பூங்கா, பொது நூலகம், மரங்கள் சூழ்ந்த பழைய நினைவிடம் எதுவானாலும் சரி. புறப்படுவதற்கு முந்தின இரவு, வரைபடத்தின் செயற்கைக்கோள் காட்சியில் உங்கள் பாதையைப் பின்தொடர்ந்து பச்சைத் திட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு இடங்களைக் குறியுங்கள், ஏனெனில் ஒன்று நிச்சயம் பூட்டியிருக்கும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஓர் அருவியைப் பார்க்கப் போனோம். வழியில் ரயில் பாதையைக் கடக்கும் நடைமேம்பாலம் ஒன்றின் அருகே, அவளுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும் என்று நிறுத்தினோம். மேலே ஏறி நின்ற சிறிது நேரத்தில் ஒரு சரக்கு ரயில் வந்தது. கம்பித் தடுப்பில் முகத்தை அழுத்திக்கொண்டு பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள். அவளுக்கு அப்போது இருபது வரைதான் எண்ணத் தெரியும். ஒவ்வொரு இருபதுக்கும் என் விரல் ஒன்றை மடக்கிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ரயில் போய் முடிந்தபோது என் இரண்டு விரல்கள் மடங்கியிருந்தன; அதற்குமேல் ஏழு பெட்டிகள். கம்பியின் துரு அவள் கன்னத்தில் கோடாக ஒட்டியிருந்தது. அருவியில் கூட்டம், நுழைவுக் கட்டணம், ஈரத் துணி, அழுகை. இன்று அவளிடம் அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் நாற்பத்தேழு பெட்டிகள் என்கிறாள். அருவி அவள் நினைவிலேயே இல்லை.

கேள்வி: எங்கள் ஐந்து வயது மகன் காரில் ஏறிய அரை மணி நேரத்தில் வாந்தி எடுக்கிறான். வெறும் வயிற்றோடு அழைத்துச் சென்று பார்த்தோம், அப்போதும் நிற்கவில்லை. கையில் கைப்பேசியைக் கொடுத்து மறக்கடிக்கப் பார்க்கிறோம். வேறு வழி உண்டா? – ஒரு தந்தை

பதில்: மறக்கடிக்கக் கொடுத்த கைப்பேசியே காரணமாக இருக்கக்கூடும். உடல் நகர்கிறது என்று உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. கையில் இருக்கும் திரையையே பார்க்கும் கண்ணோ எதுவும் நகரவில்லை என்கிறது. இந்த இரண்டு செய்திகளும் முரண்படுவதால்தான் குமட்டல் உண்டாகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. அதன் பிறகு தொடங்கி ஏறத்தாழ பன்னிரண்டு வயது வரை மிகுதியாக இருந்து, பெரும்பாலானவர்களுக்குப் பின்னர் குறைந்துவிடும். எனவே இது பிடிவாதமோ நடிப்போ அல்ல என்பதை உடன் வரும் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

முன் கண்ணாடி வழியாகத் தொலைவில் உள்ள சாலையைப் பார்க்கும்படி அவனை உட்கார வைப்பதுதான் முதல் மருந்து. சிறு பிள்ளைகள் தாழ உட்கார்ந்திருப்பதால் முன் இருக்கையின் முதுகுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். அவன் வயதுக்குரிய உயர்த்தும் இருக்கையில் பட்டையிட்டு உட்கார வைத்தால் பாதுகாப்போடு காட்சியும் கிடைக்கும். புத்தகம், திரை, வண்ணம் தீட்டுதல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவன் பக்கத்துக் கண்ணாடியைச் சற்றே இறக்கிவிடுங்கள். வாசனைத் திரவியம் தொங்கவிட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் எண்ணெய் இல்லாத எளிய உணவைச் சிறிதளவு கொடுங்கள். கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையை அரையாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது வேண்டாம். மருந்தும் அளவும் குழந்தையின் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

முகம் வெளுப்பது, கொட்டாவி, திடீர் மௌனம் ஆகியவை வாந்திக்கு முன் வரும் அறிகுறிகள். வாயாடிப் பிள்ளை பேச்சை நிறுத்தினால் வண்டியை நிறுத்துங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, ஈரத் துடைப்பான், ஒரு மாற்றுச் சட்டை ஆகியவற்றைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். பெட்டிக்கு அடியில் இருக்கும் மாற்றுச் சட்டையால் பயனில்லை.

கேள்வி: சிக்கனமாக ஒரு நாள் போய் வரலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் புறப்படுகிறோம். திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு செலவாகியிருக்கிறது. பணம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. – இரண்டு பிள்ளைகளின் தாய்

பதில்: நுழைவுச்சீட்டில் போகவில்லை என்று மட்டும் துணிந்து சொல்வேன். அந்தத் தொகையை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவைத்திருப்பீர்கள். பசி வந்த பிறகு வாங்கும் உணவு, தாகம் வந்த பிறகு வாங்கும் தண்ணீர், அழுகையை நிறுத்த வாங்கும் பொம்மை, வெயில் ஏறிய பிறகு வாங்கும் தொப்பி, நடக்க முடியாமல் ஏறும் ஆட்டோ, இவைதான் அந்த இன்னொரு மடங்கு. எல்லாமே அவசரத்தில் வாங்கியவை. அவசரத்தில் யாரும் விலை பேசுவதில்லை.

ஆகையால் முதலில் நாளைச் சுருக்குங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வெளிப்பயணம் இரண்டரை மணி நேரம் இனிக்கும், அதற்குமேல் அது பெரியவர்களின் ஆசைக்காக நீட்டிக்கப்படுகிறது. காலையில் இடம் திறக்கும்போதே உள்ளே போய், மதிய உணவுக்கு வெளியே வந்துவிட்டால் கூட்டமும் வெயிலும் இரண்டாவது வேளை உணவும் மிச்சம். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று மாலை வரை இழுத்தடிப்பது, கொடுத்ததைவிட அதிகம் செலவழிக்க வைக்கும் கணக்கு.

அடுத்து, வாங்குவதைப் பற்றி வீட்டிலேயே பேசிவிடுங்கள். பொம்மைக் கடை வாசலில் நின்று தொடங்கும் பேச்சுவார்த்தையில் பெற்றோர் வென்றதாக வரலாறு இல்லை. "இன்று ஒரே ஒரு பொருள் வாங்கலாம், இவ்வளவு தொகைக்குள், திரும்பும்போது" என்று புறப்படும் முன்பே சொல்லி, நான்கைந்து வயதானவர்களாக இருந்தால் அந்தத் தொகையைச் சிறு பையில் போட்டு அவர்களிடமே கொடுங்கள். தன் கையில் இருக்கும் காசைச் செலவழிக்கப் பிள்ளைகள் காட்டும் தயக்கம் வியக்க வைக்கும்.

இலவச வாய்ப்புகளைத் தேடுவதும் ஒரு கலைதான். அருங்காட்சியகங்கள் பலவற்றில் சிறு பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. சிலவற்றில் வாரத்தில் ஒரு நாளோ மாலையில் கடைசி ஒரு மணி நேரமோ எல்லோருக்கும் இலவசம். 1977 முதல் ஆண்டுதோறும் மே 18ஆம் தேதியை ஒட்டிப் பன்னாட்டு அருங்காட்சியக நாள் கொண்டாடப்படுகிறது. அன்று கட்டணமின்றி அனுமதிக்கும் அருங்காட்சியகங்கள் பல நாடுகளில் உண்டு. கட்டணம் இல்லாத வயது எது என்பதை இடத்துக்கு இடம் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் வயதுக்குப் பதில் உயரத்தை அளக்கிறார்கள். ஒரே இடத்துக்கு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போகிறவராக இருந்தால் ஆண்டுச் சந்தாவின் விலையை ஒரு முறை விசாரியுங்கள். சந்தா இருந்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடவும் மனம் வரும், அதுவே பெரிய சேமிப்பு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணம் வாங்காத இடங்கள் எல்லாம் மட்டமானவை என்ற எண்ணம் நம்மிடம்தான் இருக்கிறது. தீயணைப்பு நிலையத்தின் வாசல், விமானங்கள் இறங்குவது தெரியும் சாலையோரத் திடல், கட்டடம் எழுப்பும் இடத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் பளுதூக்கி: மூன்று வயதுப் பிள்ளைக்கு இவற்றைவிடப் பெரிய காட்சி ஒன்றும் இல்லை.

கேள்வி: எங்கள் முதல் குழந்தைக்கு நான்கு மாதம். நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள உறவினர் வீட்டுக்குக் காரில் அழைத்துச் செல்லலாமா? மடியில் வைத்துக்கொண்டால் பாதுகாப்புதானே? – புதிய பெற்றோர்

பதில்: அழைத்துச் செல்லலாம், மடியில் மட்டும் வேண்டாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நிற்கும்போது உள்ளிருப்பவர் படும் அடி, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்தும் வலு எந்தத் தாயின் கைகளுக்கும் கிடையாது. பின் இருக்கையில், வண்டியின் பின்புறத்தை நோக்கி அமைந்த குழந்தை இருக்கையில் பட்டையிட்டே குழந்தை வர வேண்டும். காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் இந்த இருக்கையை ஒருபோதும் பொருத்தக் கூடாது. விரியும் காற்றுப்பையின் விசையே குழந்தையைக் கொன்றுவிடும். விலை யோசிக்க வைக்கிறது என்பதை அறிவேன். ஒரு பயணத்துக்கென்றால் உறவினரிடமோ நண்பரிடமோ கேட்டு வாங்குங்கள். விபத்தில் சிக்காதது, பட்டைகள் முழுதாக இருப்பது, பயன்பாட்டுக் காலம் முடியாதது என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

இந்த இருக்கையிலும் குழந்தை தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கழுத்து நிற்காத வயதில் தலை முன்னே கவிழ்ந்து மூச்சுப் பாதை ஒடுங்கும் அபாயம் உண்டு. எனவே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, வெளியே எடுத்து, மட்டமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கைகால்களை உதைக்க விடுங்கள். பாலூட்டுவதும் வண்டி நின்ற பிறகுதான். ஆறு மாதம் வரை பாலைத் தவிரத் தண்ணீரும் தேவையில்லை; வெயில் காலமாக இருந்தால் அடிக்கடி பால் கொடுத்தால் போதும். நேர் வெயில் குழந்தைமேல் படாதபடி பக்கக் கண்ணாடியில் திரை கட்டுங்கள்.

இதையொட்டி மூத்த பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். 1959இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனைப் பட்டைதான் இன்று எல்லாக் கார்களிலும் இருக்கிறது. அது வளர்ந்த உடலுக்கு ஏற்றது. சிறு பிள்ளைக்கு அதுவே கழுத்தையும் வயிற்றையும் அறுக்கும். ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை உயர்த்தும் இருக்கை தேவை.

கேள்வி: நிறுத்தும் இடத்தில் பிள்ளை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தால், கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் காரிலேயே விட்டுச் செல்லலாமா?

பதில்: கூடாது. வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும்; வெளியே 22 டிகிரிதான் என்றாலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே 40ஐத் தாண்டிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்குவதால் இதில் பெரிய மாற்றம் இல்லை. பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சிறு பிள்ளையின் உடல் சூடேறும். ஒருவர் காரில் இருக்க மற்றவர் போய் வாருங்கள், அல்லது தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளியில் வாங்கிக் கொடுக்கப் பயமாகவும் இருக்கிறது, கட்டுப்படியாகவும் இல்லை. வீட்டிலிருந்து எடுத்துச் செல்லும் உணவு எவ்வளவு நேரம் தாங்கும்? – ஒரு பாட்டி

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி. சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரம். 32 டிகிரிக்கு மேல் வெயில் காய்ந்தால் ஒரு மணி நேரம்தான். அதற்குமேல் கிருமிகள் பெருகத் தொடங்கும், மணத்தில் வேறுபாடு தெரியாவிட்டாலும்கூட. ஆகவே ஈரப்பதம் உள்ள உணவை முதல் நிறுத்தத்திலேயே முடித்துவிடுங்கள். அதன் பிறகான நேரத்துக்கு உலர்ந்த தின்பண்டமும் தோல் உரித்து உண்ணும் பழங்களும் போதும். தண்ணீர்ப் புட்டி ஒன்றை முந்தின இரவே உறைய வைத்து உணவுப் பைக்குள் வைத்தால் பையும் குளிரும், மதியம் குடிக்கவும் ஆகும்.

நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கொட்டைப் பருப்பு, பொரித்த சோளம், கெட்டி மிட்டாய், முழுத் திராட்சை ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ஓடும் வண்டியில் எதையும் தின்னக் கொடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது. தொண்டையில் அடைத்தால் முன்னிருக்கையில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

பிள்ளைகள் பயணத்தில் பசியால் தின்பதைவிடச் சலிப்பால் தின்பதுதான் அதிகம் என்பதால், ஒவ்வொருவருக்கும் சிறு டப்பா ஒன்றில் அன்றைய தின்பண்டத்தைப் பிரித்துப் போட்டு, "இது தீர்ந்தால் அடுத்தது நாளைக்கு" என்று சொல்லிவிடுங்கள். பாட்டி சொன்னால் கேட்பார்கள்.

கேள்வி: "எப்போது வரும், எப்போது வரும்" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டு உயிரை எடுக்கிறார்கள். நடுவில் அடிதடி வேறு. – நான்கு, ஏழு வயதுப் பிள்ளைகளின் தந்தை

பதில்: "இன்னும் இரண்டு மணி நேரம்" என்ற விடை நான்கு வயதுக்காரருக்குப் புரியாத மொழி. நேரத்தைக் கண்ணால் பார்க்கும்படி செய்யுங்கள். முன் இருக்கையின் முதுகில் ஒரு கயிறு கட்டி, பயணத்தில் எத்தனை அரை மணிகளோ அத்தனை துணிக் கவ்விகளை அதில் மாட்டுங்கள். ஒவ்வொரு அரை மணிக்கும் முறை வைத்து ஒருவர் ஒரு கவ்வியைக் கழற்ற வேண்டும். நிறுத்தம் வரும் இடத்தில் வேறு நிறக் கவ்வி. கேள்வி நின்றுவிடும் என்று உறுதியளிக்க மாட்டேன்; "இன்னும் எத்தனை கவ்வி" என்று மாறும், அதற்கு அவர்களே விடையும் சொல்லிக்கொள்வார்கள்.

அடிதடிக்குக் காரணம் பெரும்பாலும் எல்லைத் தகராறு. இருவருக்கும் நடுவே ஒரு பையை வையுங்கள், யார் எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாற்றுங்கள். விளையாட்டுகள் தோற்பவர் இல்லாதவையாக இருக்கட்டும்: ஆளுக்கு ஒரு வாக்கியமாகச் சொல்லி வளர்க்கும் கதை, எதிரே வரும் லாரியின் நிறத்தை முன்கூட்டியே ஊகிப்பது, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை ஓசைகள் கேட்டன என்று சொல்வது. வாந்தி வராத பிள்ளைகள் என்றால் திரையை முற்றாகத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இருட்டிய பிறகு வரும் கடைசி ஒரு மணி நேரத்துக்கு அதை ஒளித்து வையுங்கள். காலையிலேயே கொடுத்துவிட்டால் மாலையில் உங்கள் கையில் ஆயுதம் இருக்காது.

கேள்வி: கட்டணமில்லாத இடம் என்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வது ஆற்றங்கரை அல்லது கடற்கரை. எனக்குப் பயமாக இருக்கிறது. – ஒரு தாய்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அதற்காகப் போகாமல் இருக்கவும் வேண்டாம். சிறு குழந்தை மூழ்குவதற்குச் சில சென்டிமீட்டர் ஆழமுள்ள தண்ணீர் போதும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை, கையை ஆட்டி அழைப்பதில்லை. மூச்சுக்கே திணறும் வாயிலிருந்து குரல் எப்படி வரும்? "எல்லோரும் இருந்தோம், யாரும் பார்க்கவில்லை" என்பதுதான் இத்தகைய துயரங்களில் கேட்கும் வாக்கியம். எனவே பார்ப்பவர் இன்னார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறட்டும். பொறுப்பில் இருப்பவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. பிள்ளை அவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த வளையங்கள் விளையாட்டுப் பொருள்கள், உயிர்காப்புக் கருவிகள் அல்ல. காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலின் புறஊதாக் கதிர்கள் கடுமையாக இருப்பதால், அதற்கு முன்போ பின்போ போங்கள்.

கேள்வி: ஐந்து வயது வரை எங்கே அழைத்துப் போனாலும் பிள்ளைகளுக்கு நினைவிருக்காது என்கிறார் என் மாமனார். அதனால் இப்போது எங்கும் போகாமல் பணத்தைச் சேர்த்து வைப்பதே அறிவு என்கிறார். – ஒரு மருமகள்

பதில்: முதல் பாதியில் அவர் ஓரளவு சரி. பெரியவர்களிடம் கேட்டால், அவர்களின் மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதை ஒட்டியதாகவே இருக்கிறது. அதற்கு முந்தையவை அநேகமாக அழிந்துவிடுகின்றன. ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குப் போன வாரம் பார்த்த வாத்து இந்த வாரம் நினைவிருக்கிறது, சொல் பெருகுவதும் படியேறப் பழகுவதும் அப்படித்தான். பெரும் பணம் கட்டிச் சேரும் இடங்களை ஒத்திப்போடலாம் என்பது வரை மாமனாரின் பேச்சை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மாற்றாக அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரே குளத்துக்கோ ஒரே பூங்காவுக்கோ மாதம் இரண்டு முறை போங்கள். மூன்றாவது முறையிலிருந்து வழியைக் குழந்தையே சொல்லும். அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், அங்கே முதுகு சாய்க்க ஒரு பெஞ்சு இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழை வந்து திட்டம் கெட்டுவிட்டால்?

பதில்: இடி மின்னல் இல்லாத சிறு மழை என்றால் திட்டம் கெடவில்லை. பழைய செருப்பு, இரண்டு துண்டு, மாற்றுடை எடுத்துக்கொண்டு தேங்கிய தண்ணீர் உள்ள வண்டிகள் வராத இடமாகப் பாருங்கள். பெருமழை என்றால் பொது நூலகத்தின் சிறுவர் பகுதி.

கேள்வி: கூட்டமான இடத்தில் பிள்ளை தொலைந்துவிடுமோ என்ற பயத்திலேயே எதையும் ரசிக்க முடிவதில்லை. – மூன்று வயது இரட்டையரின் தாய்

பதில்: புறப்படும் காலையில், வாசலில் வைத்தே, அன்று அணிந்திருக்கும் உடையோடு இருவரையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பதறிப்போன நேரத்தில் சட்டையின் நிறம் எந்தப் பெற்றோருக்கும் நினைவுக்கு வராது. படத்தைக் காட்டினால் காவலர் உடனே தேடத் தொடங்கலாம். உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் அவர்கள் முன்கையின் உட்புறம் எழுதுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம், முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை நம்பிப் போய்விடும். தொலைந்தால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்று பழக்குங்கள். "அம்மா" என்று கத்தினால் அங்குள்ள எல்லா அம்மாக்களும் திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் முழுப் பெயர் அவர்களுக்குத் தெரியுமா என்று இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.